சாலை யாருடையது, தண்ணீர் எங்கே போகிறது: 96 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் சாலைப் பராமரிப்பு

பின்னணி

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையை ஒட்டிய ஓர் ஊராட்சியில் இருக்கிறது இந்தக் குடியிருப்பு. 96 தனி வீடுகள், சுற்றுச்சுவர், ஒரே வாயில், காவலாளி அறை, நடுவில் ஒரு பூங்கா. 2008-ல் மனை விற்பனை தொடங்கி 2012-ல் கட்டுமான நிறுவனம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனது. அதன்பிறகு, 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான குடியிருப்போர் சங்கம்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. வீட்டுக்கு மாதம் 2,500 ரூபாய் பராமரிப்புக் கட்டணம். காவல், துப்புரவு, தெருவிளக்கு, பூங்கா என்று அது செலவாகிவிடும். சாலைக்கென்று தனியாக எதுவும் ஒதுக்கியதில்லை.

முதன்மைத் தெருவுக்கு 30 அடி, குறுக்குத் தெருக்களுக்கு 23 அடி அகலம் விட்டிருக்கிறார்கள். அதில் தார் போட்ட பகுதி சுமார் 16 அடி. மொத்த நீளம் 1.2 கிலோமீட்டர். 2015 வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு, இருந்த சாலையின் மேலேயே மெல்லிய தார்ப் படலம் ஒன்றைப் போட்டார்கள். அப்புறம் ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன்பு குழி அடைப்பதோடு சரி.

இந்தச் சங்கத்துக்குப் பொறியியல் ஆலோசனை சொன்னவர்களில் நானும் ஒருவன். குடியிருப்பின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இல்லை. தொகைகளைத் தோராயமாகத்தான் கொடுத்திருக்கிறேன்.

மிக்ஜாம் புயலுக்குப் பிறகு

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது வெளிச்சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். உள்ளே இரண்டு குறுக்குத் தெருக்களில் மூன்று நாள் தேங்கி நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் சாலை ஓரங்கள் பிஸ்கட்டைப் போலப் பொடிந்து கிடந்தன, ஐந்து இடங்களில் பெரிய பள்ளம். அதில் ஒன்றில் ஸ்கூட்டரோடு விழுந்த ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அதுவரை வாட்ஸ்அப் குழுவில் புலம்பலாக இருந்தது பொதுக்குழுக் கூட்டம் வரை வந்துவிட்டது.

2024 ஜனவரி கூட்டத்துக்குச் செயலாளர் மூன்று விலைப்புள்ளிகளோடு வந்தார். மலிவானது, பழைய சாலையின் மேல் 40 மில்லிமீட்டர் தார்க் கலவை. வீட்டுக்குச் சுமார் 30,000 ரூபாய் ஆகும். விலை கொடுத்த ஒப்பந்ததாரரும் நேரில் வந்திருந்தார். “மேல ஒரு கோட்டு அடிச்சா போதும் சார், அஞ்சு வருஷத்துக்கு அசையாது” என்றார். பலரும் தலையாட்டிவிட்டார்கள். தீர்மானம் எழுதவேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவர் வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். “ரோட்டோட பத்திரம் யார்கிட்ட சார் இருக்கு?” என்று மட்டும் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. கேட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் நம்முடையது என்றுதான் பன்னிரண்டு ஆண்டுகளாக எல்லோரும் நினைத்திருந்தார்கள். இன்னொருவர், இரண்டாம் குறுக்குத் தெருவின் மூலை வீட்டு மூதாட்டி. செயலாளரைப் பார்த்து, “தம்பி, போன தடவை ரோடு போட்டதுலயே என் வாசப்படி ஒண்ணு காணாமப் போச்சு. இன்னொரு தடவை போட்டா தண்ணி நேரா ஹாலுக்குத்தான் வரும்” என்றார்.

தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. மண்ணையும் மட்டத்தையும் ஆராய்வது ஒரு வேலை, ஆவணத்தைத் தேடுவது இன்னொரு வேலை என்று பிரித்து, இரண்டு மாத அவகாசம் கொடுத்தார்கள்.

களத்தில் கவனித்தவை

நான்கு இடங்களில் ஓர் அடிக்கு ஓர் அடி குழி வெட்டிப் பார்த்தோம். மேலே இரண்டு தார்ப் படலம், இரண்டும் சேர்த்து ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்குக் கீழே கையகல உயரத்துக்கு மண் கலந்த ஜல்லி, அதன்கீழ் நேரடியாகக் களிமண். மழை நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தக் களிமண்ணைக் கிள்ளி உள்ளங்கையில் உருட்டினால் முறியாமல் கயிறு போல நீண்டது. அந்த அளவுக்கு ஈரம். ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்குகிற மண் இது. இதன்மேல் எத்தனை தார் ஊற்றினாலும் கீழே ஈரம் இருக்கும்வரை மேலே விரிசல் விட்டே தீரும்.

அடுத்தது மட்டம். ஆட்டோ லெவல் கருவியை வாடகைக்கு எடுத்து, தெருக்கள், வடிகால் அடிப்பகுதி, வீட்டு வாசல்கள் எல்லாவற்றையும் அளந்தோம். மூதாட்டி சொன்னது சரிதான். அவர் வீட்டையும் சேர்த்து ஏழு வீடுகளின் வாசல் சாலையைவிட ஒரு சாண் உயரம்கூட இல்லை. இதைவிடப் பெரிய விஷயம், குடியிருப்பின் வடிகால் வெளியே போய்ச் சேரும் இடம். அந்த வாயின் மட்டம், இரண்டாம் குறுக்குத் தெரு வடிகாலின் அடியைவிட 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. வெளிச்சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்த்திக்கொண்டே வந்ததில், ஒரு காலத்தில் கீழே இருந்த வாய் மேலே போய்விட்டது. மழை வந்தால் தண்ணீர் வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே வந்துகொண்டிருந்தது. இதற்காகத்தான் பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. எல்லா ஊரிலும் அது நடக்கிறதா என்பது வேறு கதை.

வடிகாலைத் திறந்து பார்க்கப் போனால் திறக்கவே முடியவில்லை. வீட்டுக்கு வீடு, கார் ஏறுவதற்குச் சாய்தளம் கட்டி வடிகாலின் மேல் கான்கிரீட் போட்டு மூடியிருந்தார்கள். சிலர் அடியில் நான்கு அங்குலக் குழாய் விட்டிருந்தார்கள், சிலர் அதுவும் இல்லை. ஒரு சாய்தளத்தை உடைத்தபோது உள்ளே செங்கல்லும் சிமெண்ட் மூட்டைச் சாக்கும் அடைத்திருந்தது, வீடு கட்டிய காலத்துக் குப்பை.

பள்ளங்களுக்கு வருவோம். ஐந்தில் நான்கு, இணையக் கேபிளுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் சாலையைக் குறுக்கே வெட்டிய இடங்களில்தான் விழுந்திருந்தன. வெட்டிய மண்ணையே தள்ளி மூடி, மேலே இரண்டு சட்டி சிமெண்ட் கலவை பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். மண் இறங்கியதும் பூச்சு உள்ளே விழுந்துவிட்டது. யார் வெட்டினார்கள், எப்போது வெட்டினார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. வாயிற்காவலாளி ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் ஞாபகம் இருந்தது.

ஐந்தாவது பள்ளம் பொதுச் சம்புக்குப் பக்கத்தில், தண்ணீர் லாரி திரும்புகிற இடத்தில். கோடையில் ஒரு நாளைக்கு எட்டு, பத்து லாரி வரும். 12,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 12 டன், வண்டியின் எடை தனி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து ஒரு கணக்கு வழக்கத்துக்கு வந்தது: சாலைக்கு ஏற்படும் சேதம், அச்சு எடையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும். அதன்படி, பின் அச்சில் பத்து டன் ஏற்றிய ஒரு லாரி ஒரு தடவை போனால், அச்சுக்கு முக்கால் டன் உள்ள கார் முப்பதாயிரம் தடவைக்கு மேல் போன சேதம் உண்டாகும். இது தோராயமான விதிதான், மெல்லிய தெருச் சாலைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு இரண்டு கார் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் நடந்த ஒரு மணி நேரச் சண்டை இந்தக் கணக்கைக் காட்டியதும் அடங்கியது.

ஆவணம் சொன்னது

வருவாய்த் துறைப் பெரியவர் வில்லங்கச் சான்று போட்டு எடுத்தார். மனை விற்பனை நடந்த காலத்தில் இந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019-ல்தான் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. அதனால் சில கோப்புகளுக்கு இரண்டு ஊருக்கும் அலைய வேண்டியிருந்தது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு, மனைப்பிரிவு வரைபடத்தின் நகலுக்கு இன்னொரு மனு. மார்ச் தொடக்கத்தில் படம் தெளிவானது.

வெளிப்பார்வைக்கு ஒரே குடியிருப்பு, ஆனால் இரண்டு தனித்தனி அனுமதிகள். முன்பகுதியில் உள்ள 61 வீடுகள் டி.டி.சி.பி. என்ற அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம் அங்கீகரித்த மனைப்பிரிவு. அந்த அங்கீகாரத்துக்கான நிபந்தனைப்படி, சாலைகளையும் பூங்காவையும் கட்டுமான நிறுவனம் 2008-லேயே ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டது. முதன்மைத் தெருவும் முதல் இரண்டு குறுக்குத் தெருக்களும் இதில் அடங்கும், சுமார் 800 மீட்டர். பின்பகுதியில் உள்ள 35 வீடுகள் பிறகு சேர்ந்தவை. அவை, மனைகளாகப் பிரிக்காமல் ஒரே நிலத்தில் பல வீடுகளைக் கட்டும் குரூப் டெவலப்மென்ட் என்ற வகையில் அனுமதி பெற்றவை. அங்கே உள்சாலை யாருக்கும் தானமாகப் போகவில்லை. யு.டி.எஸ். என்று பத்திரத்தில் எழுதுகிற பிரிபடாத பாகத்தில் அது அந்த 35 பேருக்கும் சொந்தம், 400 மீட்டர்.

அதாவது சங்கம் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தன் செலவில் குழி அடைத்துவந்த சாலையில் மூன்றில் இரண்டு பங்கு ஊராட்சிச் சாலை. ஊராட்சிப் பணத்தில் அதைப் பராமரிக்கக் கேட்டிருக்கலாம். கேட்காமலேயே இருந்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், அந்தச் சாலையில் பொதுமக்கள் வருவதைத் தடுக்கச் சங்கத்துக்கு உரிமையும் இல்லை. அந்த வாயில் கதவே சட்டப்படி நிற்குமா என்ற கேள்வி வந்ததும், சாலைப் பேச்சு மறைந்து கேட் பேச்சாகிவிட்டது. இந்த விஷயத்தைக் கிளறாமலேயே இருந்திருக்கலாம் என்று பெரியவரிடம் நேருக்கு நேர் சொன்னவர்களும் உண்டு. “நான் கிளறலைன்னாலும் பத்திரம் அங்கேதான் சார் இருக்கும்” என்றார் அவர்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் முடிவு பலருக்கும் பிடிக்கவில்லை. 2024 மழைக்கு முன் சாலை போடுவதில்லை, வடிகாலை மட்டும் சரிசெய்வது, ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் தண்ணீர் எப்படிப் போகிறது என்று பார்ப்பது, அதன்பிறகு சாலை. இன்னும் ஓராண்டு குழியில் வண்டி ஓட்டச் சொல்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆபத்தான ஐந்து பள்ளங்களை மட்டும் முறையாகத் தோண்டி ஜல்லி இட்டு இறுக்கி மூடினோம். மற்றதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் பதில். ஈரம் வடிய வழி செய்யாமல் மேலே போடும் எந்தப் பணமும் இரண்டு மழையில் கரைந்துவிடும் என்பதை, உள்ளங்கையில் உருட்டிய அந்தக் களிமண்ணைக் கூட்டத்துக்கே கொண்டுபோய்க் காட்டிப் புரியவைத்தோம்.

வடிகாலின் போக்கைத் திருப்பினோம். வெளிச்சாலைப் பக்கம் மேடாகிவிட்டது. பூங்காவுக்குப் பின்னால் போகும் ஊராட்சிக் கால்வாய் அதைவிடத் தாழ்வாக இருந்தது. ஊராட்சியின் அனுமதியோடு அந்தப் பக்கம் சரிவு வைத்து வடிகாலின் அடியைப் புதிதாக அமைத்தோம். பூங்காவில் உறை கிணறு தோண்டி மழைநீரை மண்ணுக்குள் இறக்கலாம் என்ற யோசனையும் வந்தது. மணல்பாங்கான ஊர்களுக்கு நல்ல யோசனை. இந்தக் களிமண்ணில் கிணறு நிரம்பி நிற்குமே தவிர இறங்காது என்பதால் விட்டுவிட்டோம்.

சாய்தளங்கள்தான் பெரிய தலைவலி. எல்லாவற்றையும் உடைத்துவிட்டு, கழற்றி மாட்டக்கூடிய இரும்புக் கம்பித் தட்டிகளைச் சங்கச் செலவில் போடுவது என்று தீர்மானம். “கார் அடி தட்டுது சார், நான் என்ன பண்றது?” என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அவருடைய காரையே வரவழைத்து, தட்டியின் மேல் ஏற்றி இறக்கிக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். இரண்டு வீடுகள் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அங்கே மட்டும் சாய்தளத்துக்கு அடியில் துளைபோட்டுப் பெரிய குழாய் செருகினோம்.

தண்ணீர் லாரி உள்ளே வருவதை நிறுத்தினோம். வாயிலுக்குப் பக்கத்திலேயே குழாய் இணைப்பு ஒன்றை வைத்து, அங்கிருந்து மூன்று அங்குலக் குழாய் வழியாகச் சம்புக்குத் தண்ணீர் போகும்படி செய்தோம். லாரி நிற்கிற இடத்தில் மட்டும் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். மொத்தத் திட்டத்தில் செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் இதுதான் என்பது என் கணிப்பு.

பணத்தைப் பிரித்ததில் கணக்கைவிட நியாயம் பேசியதுதான் அதிகம். வடிகால் எல்லோருக்கும் பொது, எனவே 96 வீட்டுக்கும் சமமாக 18,000 ரூபாய். பின்பகுதிச் சாலை 35 பேரின் சொத்து, எனவே அவர்கள் மட்டும், யு.டி.எஸ். விகிதப்படி. முன்பகுதிக்கு ஊராட்சியை அணுகுவது, மக்கள் பங்கு தேவைப்பட்டால் கட்டுமான நிறுவனம் போகும்போது சங்கத்திடம் ஒப்படைத்த வைப்புத் தொகையிலிருந்து கொடுப்பது. அந்தச் சாலையில்தான் எல்லோரும் போய்வருகிறோம், அந்தப் பணமும் எல்லோருடையதும். பின்பகுதிக்காரர்கள் அதே வைப்புத் தொகையிலிருந்து கடன் கேட்டார்கள், முன்பகுதிக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

வசூலைத் தவணையாகப் பிரித்ததற்கு ஒரு வரிக் காரணமும் உண்டு. குடியிருப்போர் சங்கத்துக்கு ஓர் உறுப்பினர் மாதத்துக்குச் செலுத்துவது 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. கிடையாது. அதைத் தாண்டினால் 18 சதவீதம். முழுத் தொகைக்கும் வரியா, தாண்டிய தொகைக்கு மட்டுமா என்பதில் வழக்கு நடந்து, தாண்டியதற்கு மட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. அந்தச் சிக்கலுக்கே போக வேண்டாம் என்று தணிக்கையாளர் சொன்னதால், வழக்கமான 2,500-உடன் வடிகாலுக்கு மாதம் 4,500 ரூபாய், நான்கு மாதம். அது முடிந்ததும் பின்பகுதிக்காரர்களிடம் மட்டும் சாலைக்கு மாதம் 4,800 ரூபாய், பெரும்பாலோருக்குப் பதினாறு மாதம். பங்கு அதிகம் உள்ளவர்களுக்குத் தவணையின் எண்ணிக்கையைக் கூட்டினோமே தவிர, மாதத் தொகையைக் கூட்டவில்லை.

கேட் விஷயத்தில் முன்பகுதிக்காரர்கள் நிறையப் பேசி ஒரு நிலைக்கு வந்தார்கள். ஊராட்சியிடம் மறைக்காமல் எழுதிக் கொடுப்பது, காவலாளி இருப்பார், பகலில் யாரையும் தடுக்க மாட்டார், இரவில் விசாரிப்பார், அவ்வளவுதான். இது முழுக்கச் சரியான தீர்வு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊராட்சிப் பணத்தில் சாலை கேட்டுவிட்டு, இது தனியார் பாதை என்று பலகை வைத்திருக்க முடியாது. பலகையைக் கழற்றினார்கள்.

நடந்தது

2024 மார்ச் 16-ல் மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஊராட்சிப் பக்கம் எல்லாம் நின்றுபோனது. ஜூன் முதல் வாரம் நடத்தை விதி விலகும்வரை புதிய வேலை எதையும் பேசவே முடியாது. ஆகஸ்ட் 15 கிராம சபையில்தான் தீர்மானம் வைக்க முடிந்தது. இந்தக் குடியிருப்பிலிருந்து கிராம சபைக்கு ஆட்கள் போனது அதுவே முதல் தடவை. கேட் போட்டுக்கொண்டு இருப்பவர்களுக்கு எதற்கு ஊராட்சிப் பணம் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வீட்டு வரி ஊராட்சிக்குத்தான் கட்டுகிறோம், சாலையும் ஊராட்சியுடையது, மூன்றில் ஒரு பங்கை நாங்களே தருகிறோம் என்று சங்கத் தலைவர் பதில் சொன்னார். தீர்மானம் நிறைவேறியது. மூன்றில் ஒரு பங்கு என்பது ‘நமக்கு நாமே’ திட்டத்தின் கணக்கு. மதிப்பீட்டில் குறைந்தது அந்த அளவு மக்கள் தந்தால் மீதியை அரசு போடும்.

வடிகால் வேலை செப்டம்பர் இறுதியில் முடிந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இங்கும் நல்ல மழை. மழை நின்றதும் ஆளுக்கொரு தெருவாகப் பிரித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரின் விளிம்பில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள், மணிக்கு ஒரு கோடு. முந்தைய ஆண்டு மூன்று நாள் நின்ற இரண்டாம் குறுக்குத் தெருவில் தண்ணீர் நான்கு மணி நேரத்தில் வடிந்தது. அதேநேரம், பூங்கா மூலையில் யாரும் எதிர்பார்க்காத ஒரு தேக்கம் தெரிந்தது. மட்டக் கருவிக்குச் சிக்காத சிறிய பள்ளம் அது. சாலை போட்ட பிறகு இது தெரிந்திருந்தால் உடைத்துத்தான் சரிசெய்திருக்க முடியும்.

2025 ஏப்ரலில் பின்பகுதி வேலை தொடங்கியது. இங்கே தார் வேண்டாம், 80 மில்லிமீட்டர் பேவர் பிளாக் என்று முடிவு. 400 மீட்டர் தெருவுக்குத் தார் என்றால் கலவை ஆலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வரவழைக்க வேண்டும், வருவதற்குள் சூடு இறங்கிவிடும். தவிர, அடுத்த கேபிள்காரர் வரும்போது கல்லைப் பெயர்த்து, வேலை முடிந்ததும் அதே கல்லைத் திரும்ப வைக்கலாம். பழைய தாரையும் ஜல்லியையும் முழுதாக எடுத்து, களிமண்ணின் மேல் 15 சென்டிமீட்டர் கிராவல், 10 சென்டிமீட்டர் ஈரக்கலவை ஜல்லி, அதன்மேல் மணல், அப்புறம் கல். நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டரை சதவீதச் சரிவு, அதாவது எட்டு அடிக்கு ஆறு சென்டிமீட்டர். இரு ஓரத்திலும் கான்கிரீட்டில் பதித்த கெர்ப் கல். அது இல்லாவிட்டால் கற்கள் வெளிப்பக்கம் நழுவ ஆரம்பித்துவிடும். வண்டிச் சக்கரம் திரும்பும் இடங்களில் தாங்கும் என்பதால் கற்களை மீன்முள் வடிவில் அடுக்கினார்கள். வேலை முடிந்தபோது சாலை பழைய மட்டத்தைவிட ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. மொத்தம் சுமார் 26 லட்சம். கடைசித் தவணைகள் வசூலாகும்வரை பாக்கிக்குப் பொறுத்திருக்க ஒப்பந்ததாரர் சம்மதித்தார், அதனால் விலையில் அதிகம் பேரம் பேச முடியவில்லை.

முன்பகுதியில் ஊராட்சி ஒன்றியம் 800 மீட்டரில் 500 மீட்டருக்கு ஒப்புதல் கொடுத்தது. ஜூனில் வேலை. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்பது மதிப்பீட்டிலேயே எழுதப்பட்டிருந்ததால் அதில் வாக்குவாதம் இல்லை. தார்க் கலவையைப் பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி சூடு இருக்க வேண்டும். குடியிருப்பில் இருக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர், ஊசி வைத்த வெப்பமானியோடு ஒவ்வொரு லாரியின் அருகிலும் போய் நின்றார். ஒரு லாரி 120-ஐக்கூட எட்டவில்லை. “மேடம், பரப்பிட்டா ஒண்ணும் தெரியாது மேடம்” என்று ஓட்டுநர் சொல்லிப் பார்த்தார். ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்து, அந்த லோடைத் திருப்பி அனுப்பினார்.

விளைவு

2025 பருவமழை முடிந்தபோது பின்பகுதியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கற்கள் இறங்கியிருந்தன, பாதாள மூடி ஒன்றைச் சுற்றி ஒன்றரை அடி. கல்லைப் பெயர்த்து அடியில் இறுக்கி மறுபடி வைக்க இரண்டு ஆட்களுக்கு அரை நாள். முன்பகுதியின் புதிய 500 மீட்டரில் குறை எதுவும் இல்லை. மூலை வீட்டு மூதாட்டியின் காணாமல் போன படி பாதி வெளியே தெரிகிறது.

எல்லாம் சுமுகம் என்று சொல்ல முடியாது. பின்பகுதியில் நான்கு வீட்டார் இன்னும் தவணையை முடிக்கவில்லை. அதில் இருவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், வாடகைக்கு இருப்பவரிடம் கேளுங்கள் என்கிறார்கள். பேவர் பிளாக் மேல் வண்டி போகும் சத்தம் சிலருக்குத் தொந்தரவு. இடுக்குகளில் புல் முளைக்கிறது. குழந்தைகள் விளையாடும் தெருவில் யாரோ இரவோடு இரவாகக் கூர்மையான சிமெண்ட் மேடு ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அதை உடைத்துவிட்டு, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்லும் அளவில், அதாவது 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு வளைவாக எழும் மேடாக, அமைக்க வேண்டியதாயிற்று.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே நிலையில் உள்ள வேறு சங்கம் என்றால், விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பே வில்லங்கச் சான்றும் மனைப்பிரிவு வரைபடமும் கையில் இருக்க வேண்டும் என்பேன். கட்டுமான நிறுவனம் ஒப்படைக்கும் நாளிலேயே தானப் பத்திர நகலைக் கேட்டு வாங்கியிருந்தால், இங்கே பன்னிரண்டு ஆண்டுக் குழி அடைப்புச் செலவில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

சாலையை வெட்டுபவர்களுக்கு இப்போது ஒரு நடைமுறை இருக்கிறது. பின்பகுதியில் வெட்ட வேண்டுமானால் சங்கத்திடம் முன்பணம் கட்டி, மண்ணை அடுக்கடுக்காக இறுக்கி மூடிக் காட்டிய பிறகுதான் பணம் திரும்பும். முன்பகுதி ஊராட்சியின் அனுமதிக்கு உட்பட்டது. அங்கே சங்கம் தேதியையும் இடத்தையும் பதிவேட்டில் எழுதி, புகைப்படம் எடுத்து வைக்க மட்டுமே முடியும். இது முதல் கேபிள் வரும் முன்பே இருந்திருக்க வேண்டியது.

பின்பகுதிக்காரர்கள் 2026 ஜனவரி முதல் சாலைக்கென்று மாதம் 300 ரூபாய் தனிக் கணக்கில் போடுகிறார்கள். அது குறைவு என்பது என் கருத்து. ஆனால் 500 என்றால் தீர்மானம் தோற்றிருக்கும். வடிகால் தட்டிகளை ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பரில், கழற்றித் தூர்வாருவது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

முன்பகுதியின் மீதி 300 மீட்டருக்கு ஒன்றியப் பொறியாளர் மதிப்பீட்டைத் திருத்தி எழுதுகிறார். அதற்கான மக்கள் பங்கை வைப்புத் தொகையிலிருந்தே கொடுப்பதா, புதிதாக வசூலிப்பதா என்பது அடுத்த பொதுக்குழுவில் வருகிறது.